கால் தவறியதா, கல் தவறியதா?

ஐப்பசி பிறந்து, வாடைக்காற்று மேகங்களைக் கரைக்கு ஓட்டிவரத் தொடங்கியதும், நம் தீவகத்து ஊர்களில் ஆண்டு தவறாது காதில் விழும் செய்தி ஒன்று உண்டு. "இன்ன வீட்டு ஆச்சி கிணற்றடியிலே கால் தவறி விழுந்துபோனாவாம்" என்பதே அது. கேட்பவர், "ஐயோ பாவம், வயதுபோன காலம்" என்று இரங்கிவிட்டுத் தம் அலுவலைப் பார்க்கப் போவார். அந்த இரு வாக்கியங்களுக்குள் ஒரு தீர்ப்பே அடங்கிவிடுகிறது. ஆச்சியின் கால் குற்றவாளி; அவருடைய வயது அதற்கு உடந்தை. பாசி படிந்த கல்லையோ, சாய்வின்றி நீர் தேங்கிய சீமெந்துத் தரையையோ, பற்றிக்கொள்ள ஒரு கம்பியில்லாத படியையோ எவரும் கூண்டில் ஏற்றி விசாரிப்பதில்லை. அந்தக் கால்களின் சார்பில் இன்று வழக்காட விரும்புகிறேன்.

தமிழ் இவ்விடயத்தை நுட்பமாகவே நோக்கியிருக்கிறது. கல்லிலோ வேரிலோ கால் மோதித் தடுமாறுவதை இடறுதல் என்றும், தரை காலுக்குப் பிடிகொடாது விட்டுவிடுவதை வழுக்குதல் என்றும் வேறுபடுத்திச் சொல்லும் மொழி இது. விபத்துத் தடுப்புத் துறையினர் இன்று செய்யும் முதற் பாகுபாடும் இதுவேயாம். இடறியவர் பெரும்பாலும் முன்னோக்கி விழுவார், கைகள் நீண்டு ஊன்றும், மணிக்கட்டு முறியும். வழுக்கியவரின் கால் முன்னே ஓட, உடல் பின்புறமாகவோ பக்கவாட்டிலோ சாயும். அடி இடுப்பிலும் தலையிலும் படும். திருவள்ளுவரும் வழுக்கு நிலத்தை அறிந்தவர். கேள்வி அதிகாரத்தில், 415ஆம் குறளில், ஒழுக்கமுடையார் வாய்ச்சொல்லை வழுக்குமிடத்து உதவும் ஊன்றுகோலுக்கு அவர் ஒப்பிடுகிறார். வழுக்குமிடத்தில் நடப்பவரைக் குறை கூறாது, அவர் கையில் ஒரு கோலைக் கொடுக்கும் உவமை அது.

பனிக்கட்டி உறையும் நாட்டினருக்குத்தானே குளிர்காலச் சறுக்கல், நமக்கு ஏது அது என்று சிலர் வினவக்கூடும். நமது மாரியே நமக்குரிய குளிர்காலம். யாழ்ப்பாணக் குடாநாடும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் ஆண்டு முழுவதற்குமான மழையின் பெரும்பகுதியை ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெற்றுவிடுகின்றன. ஒன்பது மாதம் காய்ந்து கிடந்த நிலம் மூன்று மாதத்தில் ஊறிவிடுகிறது. தரவை வெளிகளில் வெள்ளம் நிற்கிறது, ஒழுங்கைகள் களியாகின்றன, கிணற்றடியும் முற்றமும் பகல் முழுவதும் உலர்வதேயில்லை.

உறங்கும் பாசி

கோடையில் கிணற்றுக்கட்டைச் சுற்றிய தரையை உற்றுப் பார்ப்பவர், அதன்மேல் கருமையான காய்ந்த படலம் ஒன்று ஒட்டியிருப்பதைக் காண்பார். அதனை அழுக்கு என்றே பலர் எண்ணுவர். உண்மையில் அது உயிருள்ள பொருள். நீலப்பசும்பாசி இனங்கள் பல, நீர் வற்றியபோது இறந்துபடாமல் உறங்குநிலையில் கிடக்க வல்லவை. முதல் மழை நனைத்ததும் அவை ஊதிப் பருத்து, தம்மைச் சுற்றிக் கூழ்போன்ற பசையைச் சுரக்கின்றன. அப்பசையின்மேல் நீரும் சேர்ந்துவிட்டால், பாதத்துக்கும் கல்லுக்கும் இடையில் மெல்லிய படலம் ஒன்று உண்டாகி, கல்லின் சொரசொரப்பைக் கால் தீண்டாதபடி தடுத்துவிடுகிறது. நடக்கும்போது குதிகால் முதலில் தரையில் படும் அந்தக் கணத்தில் உரசல் போதாவிட்டால், கால் முன்னோக்கி ஓடும். உடல் அதனை உணர்ந்து திருத்திக்கொள்ள ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. இளைஞன் அந்தக் குறுகிய வேளையிலும் மறுகாலை எடுத்து ஊன்றித் தப்பிவிடுவான். எழுபது வயதுத் தசைகளால் அது இயலாது.

இதே பாசி இறங்குதுறைப் படிகளிலும் உண்டு. கடல்நீர் ஏறி இறங்கும் கீழ்ப்படிகள் ஆண்டு முழுவதுமே ஈரமானவை. மாரியில் மேற்படிகளும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. குறிகட்டுவானிலோ ஊர்காவற்றுறையிலோ நின்று பார்த்தால் இதன் முழுப் பொருளும் விளங்கும். ஒரு கையில் பை, மறு கையில் பிள்ளை, தலைக்குமேல் தூறல், காலடியில் அலையோடு எழுந்து தாழும் படகு. நிலையான தரையிலிருந்து நிலையற்ற தரைக்கு ஓரடி எடுத்துவைக்க வேண்டும். படகோட்டிகள் நீட்டும் கை எத்தனையோ பேரைக் காத்திருக்கிறது. ஆயினும் ஒரு சமூகம் தன் முதியோரின் எலும்பைப் படகோட்டியின் கைவலிமையிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு இருத்தல் தகுமா?

வீடுகளுக்குள்ளும் புதிய வழுக்கல் வந்து சேர்ந்திருக்கிறது. பழைய சாணத் தரையும் கரடான சீமெந்துத் தரையும் காலைப் பிடித்துவைத்தன. வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த புதிய வீடுகளின் விறாந்தையிலும் குளியலறையிலும் பதிக்கப்படும் மினுக்கிய தரையோடுகள், உலர்ந்திருக்கையில் அழகு. ஒரு குவளை நீர் சிந்திவிட்டால் ஆபத்து. தாயின் வசதிக்கென்று மகன் அனுப்பிய பணமே தாய் வழுக்கும் தரையாகிவிடுவது எத்துணை வருந்தத்தக்கது!

நாட்காட்டியும் ஒரு காரணம்

நம்மவர் அதிகம் கவனியாத தொடர்பு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். நமது விரதங்களிற் பல, நிலம் மிக வழுக்கும் மாதங்களிலேயே வருகின்றன. கேதார கௌரி விரதம் 21 நாள். ஐப்பசியில் கந்தசஷ்டி 6 நாள். கார்த்திகையிலும் மார்கழியிலும் பிள்ளையார் பெருங்கதை 21 நாள். அதனையடுத்துத் திருவெம்பாவை 10 நாள். விடியுமுன் எழுந்து, இருளிலே கிணற்றடி சென்று, குளிர்ந்த நீரில் தோய்ந்து, வெறுவயிற்றோடு ஈரப் புடவையுடன் நடந்துவருவோர் பெரும்பாலும் முதிய பெண்களே. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு முதலிய இடங்களின் கத்தோலிக்க மக்களுக்கு நத்தார் நள்ளிரவுப் பூசையும் இதே மாரியின் நடுவில்தான். பக்தியைக் குறைக்கும்படி நான் சொல்லவில்லை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்போர் உபவாசம் இருக்கும்போது, திடீரென எழுந்தால் தலை சுற்றும். அவர்கள் தம் மருந்துமுறை பற்றி வைத்தியரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளல் வேண்டும். படுக்கையில் எழுந்து அமர்ந்து, சற்றுப் பொறுத்து, பின்னர் நிற்றல் வேண்டும். விளக்கொன்றும் துணையாக ஓர் ஆளும் இன்றிக் கிணற்றடிக்குச் செல்லலாகாது. இவை விரதத்துக்கு எவ்வகையிலும் பங்கமாகா.

விழுகையின் விலை

உலக சுகாதார நிறுவனம் தரும் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து மடிகின்றனர். தற்செயற் காயங்களால் நேரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு விழுவோர் தொகை ஆண்டுக்கு 3 கோடியே 73 இலட்சம். உயிரிழப்போரில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். நமது நாடோ விரைந்து முதுமையடைந்து வருகிறது; 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேயே அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேராக இருந்தனர்.

தீவுகளின் நிலை இன்னும் வேறு. 1990களின் இடப்பெயர்வுக்குப் பின்னர் இளையோர் பலர் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றுவிட, பெரிய வளவுகளில் ஒருவரோ இருவரோ முதியோர் மட்டும் வாழும் வீடுகள் பலவாயின. அத்தகைய வீட்டில் ஒருவர் விழுந்தால், அவருடைய குரல் வேலியைத் தாண்டி அயலவர் காதை எட்டவேண்டும். எட்டிய பின்னரும் கடலைத் தாண்ட வேண்டும்.

தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் அதற்குரிய சிகிச்சை பெரும்பாலும் அறுவையே. அதுவும் ஓரிரு நாட்களுக்குள் நிகழ்வதே நன்று என்பது மருத்துவ உலகின் முடிபு. நெடுந்தீவிலே பிரதேச வைத்தியசாலை உண்டு. ஆயினும் இத்தகைய அறுவைக்கு யாழ்ப்பாணம் வரவேண்டும். அங்கிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணி நேரம் அளவாகும். பின்னர் புங்குடுதீவு, வேலணை ஊடாகத் தாம்போதிகளைக் கடந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வீதிப் பயணம். கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகு ஓடாது. கால் வழுக்கும் அதே மாரியில்தான் கடலும் வழிமறிக்கிறது என்பதைச் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஐந்தில் ஒரு பங்கினரேனும் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. உயிர் தப்பியவரிலும் பலர் முன்போல் தாமாக நடமாடுவதில்லை.

என் தாய்வழிப் பெரியம்மா ஒருவருக்கு இது நேர்ந்தது. கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் மாலை, விளக்குகளைக் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் வழுக்கி விழுந்தார். அன்று கடல் நன்றாக இல்லை. இரவு முழுவதும் அசையாது படுத்திருந்து, மறுநாட் காலை ஒரு வாங்கின்மேல் கிடத்தப்பட்டுத் துறைக்குப் போனார். அறுவை நன்கே முடிந்தது. பெரியம்மாவும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால், தம் கையால் நீர் அள்ளித் தம் செடிகளுக்கு ஊற்றும் இன்பம் அவருக்குத் திரும்பவில்லை. அவர் வீடு திரும்புமுன் அந்தக் கிணற்றடித் தரையைக் கொத்திக் கரடாக்கி, இரும்புக் குழாயொன்றைப் பிடிகம்பியாக நட்டார்கள். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலைதான். அதற்கான மொத்தச் செலவு, அவரைப் பார்க்க நாங்கள் சென்றுவந்த படகு, வாகனக் கூலியின் ஒரு பகுதிக்குக்கூட ஈடாகவில்லை. அந்த ஒரு நாள் வேலை முந்திய புரட்டாதியில் நடந்திருக்கலாமே என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

நிலத்தைத் திருத்துதல்

செய்யவேண்டியவை எளியன. புரட்டாதி முடியுமுன் கிணற்றடி, படிக்கட்டு, மலசலகூடம் செல்லும் வழி ஆகியவற்றிலுள்ள காய்ந்த படலத்தைக் கம்பித் தூரிகையாலோ வன்மையான தும்புத்தடியாலோ தேய்த்து நீக்குதல் வேண்டும். மாரியிலே வாரம் ஒருமுறையேனும் இதனைத் திரும்பச் செய்தல் நன்று. வெளிற்றும் தூளைக் கரைத்துத் தேய்ப்பின் பாசி விரைவில் அழியும்; ஆனால் அந்நீர் கிணற்றுக்குள் வழிந்து செல்லாதபடி காத்தல் வேண்டும்; வேறெந்தத் துப்புரவுத் திரவத்தோடும் அதனைக் கலத்தலாகாது. புதிதாகச் சீமெந்து இடுவோர் அது இறுகுமுன் தும்புத்தடியைக் குறுக்காக இழுத்துவிட்டால், அக்கோடுகள் பல்லாண்டுக்குக் காலைப் பிடிக்கும். நீர் கிணற்றுக்கு எதிர்ப்புறமாக ஓடத்தக்க சாய்வும் வேண்டும். ஈரத் தரையிலே விரிக்கும் தளர்ந்த சாக்கு காப்பாகாது. அதுவே வழுக்கும், அதுவே இடறவும் செய்யும். களியான ஒழுங்கையில் உடைந்த ஓட்டுத் துண்டும் சல்லியும் பரப்பினால் நடக்க வழி பிறக்கும். அடிப்பக்கம் தேய்ந்து மழுங்கிய இறப்பர் செருப்பை, பழகிய பொருள் என்று வைத்திராமல் எறிந்துவிடல் வேண்டும்.

நடையிலும் ஒரு முறை உண்டு. அதனைக் குளிர்நாட்டில் வாழும் நம்மவர் இப்போது கற்றிருக்கிறார்கள். கனடாவிலே பனி உறைந்த நடைபாதையில் பெங்குயின் பறவைபோல் நடக்கும்படி மக்களுக்கு அறிவுறுத்துவர். சிறிய அடி, பாதம் முழுவதும் ஒருங்கே தரையிற் படுதல், உடலின் பாரம் முன்காலின்மேல் நிற்றல், கைகள் பைக்குள் இராமல் வெளியே இருத்தல். ரொறன்ரோவில் உறைபனிமேல் பேரன் நடக்கக் கற்ற அதே நடை, புங்குடுதீவில் பாசிமேல் பாட்டிக்கும் பொருந்தும். அங்கிருந்து நாம் கற்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. அந்நாடுகளின் பல நகரங்களில், தன் வீட்டு முன்னுள்ள நடைபாதையின் பனியை அகற்றுவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. வழிப்போக்கர் வழுக்கினால், முதலில் எழும் கேள்வி நிலத்தைப் பற்றியது.

உடலும் ஊன்றுகோலும்

உடலைத் திருத்துதலும் இயலும். முதியோருக்கான உடற்பயிற்சி பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டு மீளாய்வு, சமநிலையையும் கால்வலிமையையும் வளர்க்கும் பயிற்சியால் விழுகைகள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவதாகக் கண்டது. நாற்காலியிலிருந்து கையூன்றாது பத்து முறை எழுந்தமர்தல், சுவரருகே நின்று ஒரு காலில் சற்று நிற்றல், குதிகாலின் முன் விரல் படும்படி ஒரு நேர்கோட்டில் நடத்தல் ஆகியவற்றுக்குச் செலவேதும் இல்லை. கண்ணில் புரை இருப்பின் அகற்றுவித்தல் வேண்டும். குரக்கனும் முருங்கையிலையும் எள்ளும் முள்ளோடு உண்ணத்தக்க சிறுமீனும் எலும்புக்குச் சுண்ணச்சத்து அளிப்பன. இவை தீவகத்து அடுக்களைக்கு அந்நியமானவை அல்ல.

பொல்லைக் கையில் எடுக்க நம் முதியோர் நாணுகின்றனர். சங்கப் புலவர் ஒருவரின் இயற்பெயரே மறைந்து, அவர் பாடிய ஊன்றுகோலே அவருக்குப் பெயராகிவிட்டதை அவர்களுக்கு யாரேனும் எடுத்துச் சொல்லலாம். புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். மருதமரக் கிளையேறி ஆழ்ந்த மடுவிற் குதித்த இளமையை, பூண் பொருந்திய பெருந்தண்டை ஊன்றி நின்றபடி அவர் நினைந்து இரங்குகிறார். அத்தண்டை மறைக்க அவர் எண்ணவில்லை. பொல்லின் உயரம், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு அளவில் இருத்தல் வேண்டும். நோவுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையிற் பிடித்தல் வேண்டும். நுனியிலே இறப்பர் பூண் வேண்டும். அது தேய்ந்தால் மாற்றுதல் வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒருவர் விழுந்துவிட்டால், அவரை உடனே தூக்கி நிறுத்தலாகாது. ஒரு கால் குறுகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால், இடுப்பெலும்பு முறிந்தது என்றே கொள்க. எண்ணெய் பூசி உருவுதல், காலை இழுத்துப் பார்த்தல் ஆகியவை பெருந்தீங்கு. இரு கால்களுக்கும் இடையே துணிவைத்து மெல்லக் கட்டி, போர்த்தி, வாங்கிலோ பலகையிலோ கிடத்தியபடியே கொண்டுசெல்லுதல் வேண்டும். வைத்தியரைக் கேளாது உணவு கொடுத்தலும் கூடாது. தனியே வாழ்வோர் கிணற்றடியிலும் குளியலறையிலும் தாழ்வாக ஒரு தகரப் பேணியையும் கோலையும் வைத்திருப்பது நன்று. எழ இயலாதபோது தட்டி ஒலியெழுப்பலாம். குரல் ஓய்ந்துவிடும், தகரம் ஓயாது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உரசல் என்னும் பாடத்தை நாம் வகுப்பறையில் சாய்தளமும் மரக்கட்டையும் கொண்டு நடத்துகிறோம். அப்பாடம் புரட்டாதி மாதத்தில் வருமாறு அமைத்து, மாணவர் ஒவ்வொருவரும் தம் அயலிலே தனித்து வாழும் முதியவர் ஒருவரின் கிணற்றடியைச் சென்று பார்த்து, வழுக்குமிடங்களைக் குறித்து வந்து, பின்னர் தும்புத்தடியோடு திரும்பிச் செல்லட்டும். மாரி முடியும் வரை பள்ளிக்குப் போகும் வழியில் அந்தப் படலையடியில் நின்று, "ஆச்சி, எழும்பிவிட்டியளோ?" என்று ஒரு குரல் கொடுக்கட்டும். மறுமொழி வந்தால் நடையைத் தொடரலாம். வராவிட்டால் படலையைத் திறக்க வேண்டும். இறங்குதுறைகளைப் பராமரிக்கும் பொறுப்புடையோரிடம், படிகளுக்குப் பிடிகம்பியும் வாரந்தோறும் பாசி நீக்கமும் கேட்டு ஊர்ச் சங்கங்கள் விண்ணப்பிக்கட்டும்.

அடுத்த ஐப்பசிக்குள் இவற்றுட் சிலவேனும் நிறைவேறுமாயின், ஆச்சிகள் சிலர் தம் கார்த்திகை விளக்குகளைத் தம் கையாலேயே ஏற்றுவர். அதன் பின்னரும் எவரேனும் விழுந்தார் என்று கேள்விப்பட்டால், வயதைப் பற்றிப் பேசுமுன் அவர் விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்துவருவோம்.